அரை அவுன்சுக்குள் அடங்காத ஸலாம்

கண்டி,
1863 ஜனவரி

காலியிலிருக்கும் கண்ணான மகள் அனீஸாவுக்கு, வாப்பா சாஹுல் ஹமீது எழுதும் ஸலாமும் துஆவும். நானும் உம்மாவும் சுகம். உனக்கும் மருமகனுக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

முதலில் என்னை மன்னித்துக்கொள். என் போன கடிதம் பாரம் கூடிப்போய், உன் மாமியார் இரட்டைத் தபால்கூலி கொடுத்து வாங்கினார் என்றும், "உங்க வாப்பா காயிதத்துக்குள்ள கல்லு வெச்சா அனுப்பினாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் என்றும் நீ எழுதியதை வாசித்து, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருடமாகக் துரையின் கோப்பிக்கொட்டைக் களஞ்சியத்தில் மூட்டை நிறுக்கிறேன். ஒரு மூட்டையை நான் ஓர் அந்தர் எடை என்றால் அந்தர்தான், துரைகூட மறுபடி நிறுத்துப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு காகிதத்திலா பிழைவிடுவது? ஆகவே, பிரசவத்துக்கு உம்மா வருவாளா என்று நீ கேட்டதற்கு நிறுத்துப் பார்த்த கடிதத்தில்தான் பதில் எழுதுவது என்று முடிவெடுத்தேன். தாமதம் அதனால்தான் மகளே, மறதியால் அல்ல.

தபால் கந்தோருக்குப் புதிதாக ஒரு பித்தளைத் தராசு வந்திருக்கிறது. உள்ளங்கை அகலத் தட்டு. அரை அவுன்சைத் தாண்டினால் இரட்டைக் கூலி. அரை அவுன்ஸ் எவ்வளவு என்று தட்டார் சின்னமுத்துவிடம் கேட்டேன். "மூணு கழஞ்சுக்குக் கிட்ட வரும் நானா, ஒரு குன்றிமணி குறைச்சே வெச்சுக்கோங்க" என்று பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து அரக்கு வைத்து ஒட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கந்தோருக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அம்பலவாணர் கடிதத்தைத் தட்டில் வைத்தார். தட்டு விழுந்தது. "ஐயா, அரக்கையும் சேர்த்தெல்லோ நிறுக்க வேணும்" என்றார்.

பாரத்தைக் குறைக்க, இரண்டாம் கடிதத்தில் ஸலாம் சொன்னவர்களில் மூன்று பேரை நீக்கினேன். அது எப்படியோ உன் சாச்சி றலியாவின் காதுக்குப் போய், "எங்க ஸலாம்தான் உங்களுக்குப் பாரமாப் போச்சா மச்சான்?" என்று வாசலில் நின்று அழுதுவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டுப் புறப்பட்டால் வழியில் மழை. காகிதம் ஈரம் குடித்துக் கனத்துவிட்டது. வெயில் வந்ததும் களத்தில் காய்ந்த கோப்பிக்கு நடுவே அதைக் காயப்போட்டேன். ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டுத் திரும்பினால் கோப்பியும் இல்லை, கடிதமும் இல்லை. கோப்பியை மூட்டையில் வாரிக் கட்டிய கூலிக்காரி பேச்சியம்மா, "காயிதமா? நான் சருகுன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். ஏழு மூட்டை அவிழ்த்துப் பார்த்தேன். எட்டாவது கொழும்புக்குப் போயிருந்தது. உனக்கு எழுதியதை லண்டனில் எந்தத் துரை பிரித்து முழிக்கப்போகிறாரோ.

மூன்றாவதும் தட்டைச் சாய்த்ததும் அம்பலவாணர் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "பிள்ளைக்குச் சொல்லவேண்டியது என்ன ஐயா?"

"உம்மா வாறா எண்டு."

"அப்ப அதை மட்டும் எழுதுங்கோவன்."

"ரெண்டு சொல்லா? வாப்பாக்கு என்மேல கோவம் எண்டு அவ நெனச்சிருவாளே!"

அம்பலவாணர், "எனக்கும் ஒரு மகள் பருத்தித்துறையில இருக்கிறாள்" என்று சொல்லி, மேசைக்குள்ளிருந்து வெங்காயச் சருகுபோல ஒரு மெல்லிய தாளை எடுத்து நீட்டினார். "இதில எழுதிக்கொண்டு வாங்கோ, பாப்பம்."

அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன். உம்மா வருவாள், பயப்படாதே. கோப்பிப் பருவம் முடியாததால் நான் வர வழியில்லை, துரை விடவும் மாட்டார். ஆம்பிளை அங்கே வந்துதான் என்ன செய்யப்போகிறேன்? வேளைக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே. மருமகனுக்கும், கேள்வி கேட்ட மாமியாருக்கும் என் ஸலாம். றலியா சாச்சியின் ஸலாம் தனியாக, முழுதாக.

உன் சுகத்தையே நினைத்திருக்கும்,
வாப்பா

பிற்குறிப்பு: இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நிறுக்கத் திரிஞ்ச நாளுக்கு நீங்க காலிக்கே போய் வந்திருக்கலாம்" என்றாள். துரையிடம் போய் ஒரு மாத லீவு கேட்டேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் லீவு கேட்டதே இல்லையென்று அவர் பயந்துபோய்க் கொடுத்துவிட்டார். நாளைக் காலை மஹ்மூதின் மாட்டுவண்டியில் இருவரும் புறப்படுகிறோம். கடிதத்தை நானே உன் கையில் தருவேன். வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்காதே மகள், எனக்கு வெட்கமாக இருக்கும்.