தெய்வானை நடத்திய மாதிரிப் பாடம்

உளவியல் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர்களை நம்பிக் குழந்தைகளை ஒப்படைக்கக் கூடாது. நான் வாங்கியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். படிப்பு ஏறாத பிள்ளைகளோடு முப்பது வருஷம் பாடுபட்டவள், அவர்களுக்குச் சொல்லித்தர ஆசிரியர்களைப் பழக்கியவள் என்றெல்லாம் மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். இந்த ஆர்வம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் எனக்கு இருமல் வந்துவிடும்.

அறுபதுகளின் நடுவில், திருப்பூர் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டரின் மகளான நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். கற்பித்துப் பழகச் சோமனூரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. நான் கத்துவேன், தறி என்னைவிடக் கத்தும். பிள்ளைகள் கண்கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். (என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். வயது இருபது, மன்னித்துவிடுங்கள்.)

பயிற்சியின் முடிவில் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ். கூடவே, மந்தமான ஒரு குழந்தையைப் பிடித்து, ஆராய்ந்து, அறிக்கை எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தவள் மூன்றாம் வகுப்புத் தெய்வானை. எட்டு வயது, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. ஆசிரியர் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்ததால், நான் பிள்ளைகளுக்குப் பின்னால் உலாவியபடிதான் சொல்வதெழுதுதல் நடத்துவேன். மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தாவது எழுதிவிடுவார்கள். தெய்வானையின் சிலேட்டு மட்டும் கழுவி வைத்த மாதிரி இருக்கும்.

அவள் அம்மா, தலையெல்லாம் பஞ்சுத் துகளோடு தறியிலிருந்து நேராக ஒருநாள் வந்தார்.

"புள்ளைக்கு ரெண்டு காதுலயும் சீழு வருதுங்க டீச்சர். மொகத்தப் பாத்துப் பேசுனா நல்லாப் புரிஞ்சுக்குமுங்க. எங்கூட்டுல தறிச் சத்தத்துல ஆரு பேசறது ஆருக்குக் கேக்குதுங்க? அல்லாரும் வாயசைவுலதானுங்க பேசிக்குவோம்."

நான் மிகுந்த அக்கறையோடு தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, என் குறிப்பேட்டில் எழுதினேன்: 'தாயார் படிக்காதவர். சாக்குப்போக்குச் சொல்கிறார்.'

அறிக்கை பதினோரு பக்கம் வந்தது. பரம்பரை மந்தம், கவனச் சிதறல், ஊக்கமின்மை என்று எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றையும் விடவில்லை. காது என்ற வார்த்தை மட்டும் அதில் எங்கேயும் கிடையாது. ஹெட்மாஸ்டர் அதைப் படித்துப் பூரித்துப் போனார். "எம்மனசுல இருந்தத அப்படியே எழுதிப்போட்டீங்க டீச்சர்," என்றார். நானும் பூரித்துப் போனேன்.

அடுத்து என் மூளையில் ஒரு திட்டம் உதித்தது. இந்த மந்தமான பெண்ணையே இன்ஸ்பெக்டர் முன்னால் பேசவைத்துவிட்டால்? சந்தைப் படம் ஒன்றை வரைந்து, ஒரு வாரம் அவளைத் தனியாக எதிரில் நிறுத்திப் பழக்கினேன். (எதிரில் நின்றபோது எல்லாமே அவளுக்குப் புரிந்தது. ஏன் என்று யோசிக்கத்தான் எனக்கு நேரமில்லை.) விதிகள் இரண்டு. கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாக முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். நான் 'போதும்' என்று சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

மாதிரிப் பாடத்தன்று தெய்வானையைக் கரும்பலகைக்கு முன்னால் வகுப்பைப் பார்த்து நிறுத்தினேன். அவள் முகம் இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டுமே என்று படத்தைப் பின்சுவரில் மாட்டியிருந்தேன். ஹெட்மாஸ்டர் காற்று வரட்டும் என்று நாற்காலிகளைப் பின்சுவர் ஜன்னலோரம் நகர்த்திப் போட, இரண்டு பெரிய தலைகள் என் சந்தையில் பாதியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தன.

"என்ன பாக்கறே கண்ணு? சொல்லு."

"சந்தையில ஒரு மாடு நிக்குதுங்க. ஒரு அம்மா தக்காளி விக்கறாங்க."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். எனக்குச் சான்றிதழ் கண்ணில் தெரிந்தது. அப்புறம் அவர் ஹெட்மாஸ்டர் பக்கம் சாய்ந்து என்னவோ பேசினார். தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தெம்பு.

தெய்வானை அதே குரலில் தொடர்ந்தாள். "இன்னும் எவ்வளவு நேரமுங்க இந்தக் கூத்துங்கறாருங்க."

(சந்தையில் கூத்தும் நடக்கும்தானே என்று ஒரு கணம் சமாதானம் செய்துகொண்டேன்.)

"பத்தே நிமிசமுங்க, ஊட்டுல கோழிக்கொழம்பு கொதிச்சுட்டு இருக்குதுங்கறாரு ஹெட்மாஸ்டரு."

அன்று கிருத்திகை. முருகனுக்காகத் தாம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பதாகக் காலைப் பிரார்த்தனையில்தான் அவர் சொல்லியிருந்தார். வகுப்பு முழுக்க மெதுவாகப் பின்பக்கம் திரும்பியது. நாற்பது பேரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தலைகளை ஒட்டவைத்துப் பேசிக்கொண்டிருந்த இருவரும் எதையும் கவனிக்கவில்லை.

"டீச்சரம்மா படபடன்னு பேசுது, சரக்கு ஒண்ணுங்காணமுங்கறாருங்க."

"போதும்! தெய்வானை, போதும்!" என்று பக்கவாட்டில் நின்று கத்தினேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. விதியை மீறாத பெண்.

"இந்தப் புள்ள மந்தம்னு டீச்சரே எழுதிக் குடுத்துட்டாங்க, இந்த மாசத்தோட பேர அடிச்சுட்டுத் தறிக்கு அனுப்பிச்சர்லாமுங்கறாரு ஹெட்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், அது நானுங்களா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவளுக்காக அழுதேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி அழுகை சான்றிதழுக்காக.

நாற்பது பிள்ளைகளும் தங்களையே பார்ப்பது ஹெட்மாஸ்டருக்கு உறைத்தது. எழுந்து நின்று, "நாங்க அப்படியெல்லாம் பேசவே இல்லீங்க!" என்றார்.

"பேசுனீங்க சார்," என்றது வகுப்பு ஒரே குரலில். "கோழிக்கொழம்புன்னீங்க, நாங்களும் பாத்தமுங்க."

இன்ஸ்பெக்டர் மட்டும் கோபப்படவில்லை. முன்னால் வந்து, தெய்வானையின் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. எதிரில் வந்து குனிந்து, சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்து எதையோ கேட்டார். "இட்டேரித் தோட்டத்துப் பக்கமுங்க எங்கூடு," என்றாள் உடனே. பிறகு என் பதினோரு பக்கத்தையும் வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தார். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினார்: 'குழந்தையின் காதைப் பார்த்தீர்களா?'

சான்றிதழ் அந்த வருஷம் கிடைக்கவில்லை. அதே பள்ளியில், அதே வகுப்பில் மறுபடியும் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார். தெய்வானையின் பெயரை எடுக்கக் கூடாது என்று ஹெட்மாஸ்டருக்கும் உத்தரவு. அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் அலைந்தேன். சீழ் நின்றது, கேட்கும் திறன் முழுசாகத் திரும்பவில்லை. முன் பெஞ்சில் உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசினேன். ஆறே வாரத்தில் அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நானும் உதடு படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் இரண்டு பேரில் மெதுவாகக் கற்றவள் நான்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் புத்திமதி சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் தன் உதடு எனக்குத் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ முணுமுணுப்பார். என்ன முணுமுணுக்கிறார் என்பது வீட்டுக்கே தெரியும்.

நான் ஓய்வு பெற்றபோது விழா எடுத்தார்கள். மேடையில் எனக்குப் பக்கத்தில் பெரிய அதிகாரி ஒருவர். என் சேவையைப் பற்றி யாரோ கண்ணீர் மல்கப் பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி அடுத்திருந்தவர் காதோரம் சாய்வதைக் கவனித்தேன். முன் வரிசையில் தெய்வானை, நரைத்த கொண்டையும் பட்டுப்புடவையுமாக, தன் மருமகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல், உதட்டை நிறுத்தி நிதானமாக அசைத்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரமுங்க இந்தக் கூத்துங்கறாருங்க."

மாலையும் கழுத்துமாக, அத்தனை பேர் முன்னால், நான் கண்ணில் நீர் வழிய வெடித்துச் சிரித்துவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று மறுநாள் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம்.