முந்நூற்று எண்பது குதிரைகளும் கொய்யாமரத்து வளைவும்

கடல் கடந்து கத்தாரில் வீற்றிருப்பவனும், முந்நூற்று எண்பது குதிரைகளுக்கு ஒரே முதலாளியும், என் அக்கா பெற்ற தங்கமுமான மருமகன் கஜேந்திரனுக்கு,

டிக்கோயாவிலிருந்து உன் தாய்மாமனும், உன் லொறியின் பிரதம பாதுகாவலருமான சிவசாமி, நெஞ்சார வாழ்த்தி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை வேலாயி, உன் அம்மா, பூனை, லொறி ஆகிய ஐவரும் சுகம். அங்கே நீயும் உன் குளிரூட்டியும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதாதா என்பாய். போன மாதம் தொண்டை வற்றும்வரை பேசி அனுப்பினேன். நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது என்பதால் இதை எழுதி, விடுமுறை முடிந்து கத்தாருக்குத் திரும்பும் நிரோஷன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வாங்கி அனுப்பிய லொறி ஹட்டன் ஸ்டேஷன் பக்கம் வந்து நின்ற அன்றைக்கு, ரயிலே தண்டவாளத்தை விட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. முந்நூற்று எண்பது குதிரை பலம் என்று டிரைவர் ஜூலியன் சொன்னதும், இத்தனை குதிரைக்கும் புல்லுக்கு எங்கே போவது என்று உன் அம்மா கவலைப்பட்டாள். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். டீசல் அளவு காட்டுகிற முள், லொறி கப்பலேறுவதற்கு முன் ஜப்பானிலேயே காலமாகிவிட்டது. டேங்க் காலியானாலும் 'நிறைய இருக்கு' என்றே காட்டும், நம் தலைவர்மார் மாதிரி. அதனால் ஜூலியன் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பான்.

தேயிலை பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா போட்ட நிபந்தனை உனக்குத் தெரியும். மூன்று லோடு கொழும்புக்குப் போய்ப் பார்க்கட்டும்; சரியாகப் போனால் பெக்டரித் தேயிலை முழுவதும் நம் லொறியில், இல்லாவிட்டால் வேறு ஆள். அந்த வேலை கிடைத்தால் நீ வெளிநாட்டை முடித்துக்கொண்டு பொங்கலுக்கு ஊரோடு வந்துவிடுவாய் என்று உன் அம்மா அக்கம்பக்கத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு லோடுக்கு முன்னாலும் பூசை. டயருக்கு எலுமிச்சம்பழம், லைட்டுக்குப் பொட்டு, கண்ணாடிக்குப் பட்டை. டேங்க் மூடிதான் லொறிக்கு வாய், சாப்பிடுகிற வாய்க்கு முதல் மரியாதை என்று அதற்கு மட்டும் சந்தனத்தைக் குழைத்து விரற்கடை கனத்துக்கு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். உன் அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த மனுசன் எனக்கு இவ்வளவு சந்தனம் பூசல" என்றாள். ஜூலியன் கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டு, "அங்கிள், எங்க மாதாவுக்குப் பூசுற வேலையே இல்ல, ஒரு கும்பிடு போதும்" என்றான். போட்டி வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

முதல் லோடு. டிக்கோயா தாண்டி ஹட்டனுக்கு ஏறுகிற வழியில் கொய்யாமரத்து வளைவு இருக்கிறதே, அங்கே குதிரைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. புகை இல்லை, சத்தம் இல்லை, தாலாட்டுக் கேட்ட பிள்ளை மாதிரி எஞ்சின் அப்படியே தூங்கிவிட்டது. பின்னால் நுவரெலியா வரைக்கும் வாகன வரிசை. ஒரு பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "மாமே, லொறிய அயின் கரன்ன!" என்று சிங்களத்தில் கத்தினான். ஓரம் கட்டு என்கிறான். தேயிலை மூட்டைகளோடு நிற்கிற மலையை யார் ஓரம் கட்டுவது? ஜூலியன் இறங்கி, டீசல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினான். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு! குச்சியை விட்டால் டீசல் பாதிக்கு மேல். மூடியைப் போட்டு, எஞ்சினுக்கு டீசல் ஏற்றுகிற கைப்பம்பை நாலு அழுத்து அழுத்தினான். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. கொஞ்ச தூரம் போய் அடுத்த ஏற்றத்தில் திரும்பவும் தூக்கம், திரும்பவும் மூடி, திரும்பவும் உஸ்ஸ்ஸ். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது கிடங்கைப் பூட்டிவிட்டார்கள்.

அந்தப் பெருமூச்சைக் கேட்ட மறுகணமே எனக்கு விளங்கிவிட்டது. கொய்யாமரத்து முனி! டீமேக்கர் ஐயாவே அந்த வளைவில் காரை நிறுத்திச் செருப்பைக் கழற்றிக் கும்பிடுகிறவர். டேங்குக்குள் முனி புகுந்து உட்கார்கிறார், மூடியைத் திறந்தால் வெளியேறுகிறார் என்று நான் விளக்கினேன். ஜூலியன், "முனிக்கு டீசல் வாடை பிடிக்குமா அங்கிள்?" என்று கேட்டான். படிக்காத கேள்வி.

டிக்கோயா கராஜ் யோகேஸ்வரன் முனியை நம்பவில்லை. அவன் எஞ்சினுக்கு அடியில் படுத்தான் என்றால் கால் மட்டும்தான் வெளியே தெரியும். நாங்கள் அந்தக் காலோடுதான் பேசிக்கொண்டிருந்தோம். "எண்ணெய் ஷெட்டுல ஊத்துன டீசல் அழுக்கா இருக்கும்" என்றது கால், பில்டரை மாற்றினான். "தண்ணி கலந்திருக்கும்" என்றது. வடித்துப் பார்த்தான், ஒரு சொட்டுக்கூட இல்லை. குழாயில் காற்றுப் புகுகிறதென்று மூட்டு மூட்டாக இறுக்கினான். பம்பைச் சந்தேகித்தான். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ரத்தப் பரிசோதனைக்குப் போவது போல் துணியில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்ச் சோதித்து வந்தான். எல்லாம் என்னைவிட ஆரோக்கியம். கராஜில் நிறுத்தி ஓடவிட்டால் லொறி, இன்ஸ்பெக்டர் வந்த அன்றைய பள்ளிக்கூடம் மாதிரி அத்தனை ஒழுங்கு.

இரண்டாம் லோடுக்கு நானே சந்தனக் கிண்ணத்தோடு முன் சீட்டில் ஏறினேன். நின்ற இடத்தில் எல்லாம் மூடிக்கு இன்னொரு பூச்சு. கும்பிடக் கும்பிட லொறி நின்றது. நிற்க நிற்க நான் பூசினேன். கித்துல்கலைக்குப் போவதற்குள் கிண்ணம் காலி. அன்றைக்கும் நேரம் தவறிவிட்டது. டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "சிவசாமி, இன்னும் ஒரே லோடு. இதுவும் பிந்துனா நான் வேற லொறி பாத்துக்குவேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். அன்று ராத்திரி உன் அம்மா சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. நான்காவது தட்டோடு எழுந்துவிட்டேன்.

மூன்றாம் லோடுக்கு யோகேஸ்வரனும் கூடவே வந்தான். பில்டருக்குப் போகிற குழாயில் கண்ணாடி போல உள்ளே தெரிகிற ஒரு துண்டுக் குழாயை மாட்டியிருந்தான். கொய்யாமரத்து வளைவு. லொறி தூங்கியது. எட்டிப் பார்த்தால் அந்தக் குழாய் வெறிச்சோடிக் கிடக்கிறது, கைப்பம்போ அழுத்தினால் கல். "டேங்க்ல நெறைய இருக்கு, ஆனா வெளிய வர மாட்டேங்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு, முதல் தடவையாக எஞ்சினை விட்டுவிட்டு டேங்க் பக்கம் வந்து நின்றான். ஜூலியன் மூடியைத் திருகினான். உஸ்ஸ்ஸ்!

"கேட்டியாடா? முனி மூச்சு விடுறார்!" என்றேன்.

"அண்ணே, இது மூச்சு விடுற சத்தம் இல்ல, வாங்குற சத்தம்" என்றான் யோகேஸ்வரன். "சூப்பிப் போத்தல்ல காத்துப் போகாட்டி புள்ளைக்குப் பால் வருமா? டீசல் எறங்க எறங்க டேங்குக்குள்ள காத்து வரணும். அதுக்குன்னு மூடியில ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பான்." மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கண்ணே ஓட்டை? இது மூடியா, கோயில் கலசமா?"

ஜூலியன் என்னைப் பார்த்தான். நான் கொய்யாமரத்தைப் பார்த்தேன். காய் நன்றாகப் பிடித்திருந்தது.

சந்தனம் காய்ந்து சிமெந்தாக இருந்தது. என் பையில் இருந்த ஊதுபத்திக் குச்சியை உடைத்துக் கொடுத்தேன். அதைக் கொண்டுதான் யோகேஸ்வரன் ஓட்டையைக் குத்தித் திறந்தான் என்பதால், லொறியைக் குணப்படுத்தியதும் பூசைச் சாமான்தான் என்பதை நீ கவனிக்க வேண்டும். அப்புறம் பார், முந்நூற்று எண்பது குதிரையும் ஒன்றாக எழுந்து பாய்ந்ததில் வழியிலிருந்த மேகமெல்லாம் இரண்டாகக் கிழிந்தது. கொழும்புக் கிடங்குக்காரன் கதவு திறப்பதற்கு முன்பே நாங்கள் வாசலில் நின்றோம். டீமேக்கர் ஐயா என் கையைப் பிடித்து, "இனி நம்ம தேயிலை ஒங்க லொறிலதான்" என்றார். உன் அம்மா அன்றைக்கே பொங்கல் பானையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

இனி அந்த மூடிக்கு ஒரு குறையும் வராது. ஹட்டன் கடையில் பூட்டுப் போட்ட புது மூடி வாங்கினேன். காற்று ஓட்டையை யோகேஸ்வரன் ஊதிப் பார்த்தே மாட்டினான். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. பக்தர், டிரைவர், மெக்கானிக், உன் அத்தை எவரும் அதைத் தொடக்கூடாது, குச்சி விட்டு ஆழம் பார்ப்பதும் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். இந்த வாரம் இரண்டு லோடு காற்றாகப் போய் வந்தது. ஆகவே தைரியமாக டிக்கெட் போட்டு வா.

உன் காலில் முள் தைக்காமல், வயிறு வாடாமல், ஏறுகிற வண்டி எதுவும் ஏற்றத்தில் நிற்காமல் இருக்க மாரியம்மனையும், ஜூலியன் சொன்னபடி மாதாவையும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன் பிரியமுள்ள மாமன்,
சிவசாமி

பி.கு.: உறையை ஒட்ட நாக்கை நீட்டும்போது ஜூலியன் போன் பண்ணுகிறான். கொழும்பில் மூட்டையை இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பி வந்தவன், கொய்யாமரத்து வளைவில் நிற்கிறானாம். "சந்தனம் இருக்கா பாருடா" என்றேன். "மூடி பளபளன்னு இருக்கு அங்கிள். டேங்கைத் தட்டுனாத்தான் தவில் மாதிரி கேக்குது. முள்ளு 'நிறைய'ன்னு காட்டுது, தெறந்து பாக்கலாம்னா சாவி ஒங்க இடுப்புல!" இதற்கிடையில் டீமேக்கர் ஐயாவின் கார் பின்னாலேயே வந்து நின்று, என்ன கோளாறு என்று கேட்கிறாராம். "முனின்னு சொல்லு" என்று சொல்லிவிட்டேன். ஐயா உடனே செருப்பைக் கழற்றிவிட்டாராம். அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் நான் சாவியும் டீசல் கேனுமாகப் போய்ச் சேர வேண்டும். பஸ் வந்துவிட்டது. நீ டிக்கெட் போடுவதை மட்டும் விட்டுவிடாதே.