பச்சைப் புள்ளியிடம் சொல்லிக்கொண்டு போனவர்

விடைபெறுவதில் இவரை மிஞ்ச புதுச்சேரியில் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. தட்டாஞ்சாவடியில் எங்கள் பிளாஸ்டிக் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர் அண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருந்தது. நாங்கள் வைத்தது 'போயிட்டு வரேன்'.

எல்லாம் கம்ப்யூட்டரில் வந்த 'சாட்' வசதியின் வினை. அதுவரை சமூக வலைத்தளத்தில் அவர் வேலை கல்யாணப் படங்களுக்கு லைக் போடுவதோடு சரி. ஒருநாள் திரையின் ஓரத்தில் நண்பர்களின் பெயர்களும் பச்சைப் புள்ளிகளும் முளைத்தன. புள்ளி எரிந்தால் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது அண்ணனின் முடிவு. எதிரே இருப்பவரிடம் சொல்லாமல் எழுந்து போகலாமா? ஒவ்வொருவருக்கும் 'போயிட்டு வரேன்' என்று அடிப்பார். 'வாங்க' என்று பதில் வரும்வரை நாற்காலியை விட்டு அசைய மாட்டார்.

வெளியே கம்பெனி வேன் அலறும்.

"யோவ், சாரத்துல உன் வீடு போய்ச் சேர வேணாமா? எழுந்து வாய்யா!" என்று டிரைவர் கத்துவார்.

"இருப்பா, ஒருத்தரு இன்னும் வாங்கன்னு சொல்லல."

ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மனிதர் பதறி, விட்டுப்போனவர்களுக்கெல்லாம் போன் போட்டார். "நானா போவலைங்க, கரண்டு போச்சு. போயிட்டு வரேன்!" அவர்களில் ஒருவர் எழவு வீட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கை தவறி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். சாவு வீட்டில் மட்டும் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திட்டினார்களாம்.

"ஏண்ணே இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன். பட்டியலில் ஒரு பெயரைக் காட்டினார். பிரான்சில் இருக்கும் தம்பி.

"வீட்டுப் பாகத்துல சண்டை. பிளைட்டு ஏறுற அன்னிக்கு வாசல்ல நின்னு போயிட்டு வரேண்ணேன்னான். நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லலப்பா. அப்புறம் அவன் இந்தப் பக்கமே வரல."

நட்பு அழைப்பை ஏற்றுக்கொண்ட தம்பி ஒரு பதிலும் போட்டதில்லை. அந்தப் புள்ளி அணைந்த பிறகுதான் தினமும் இவர் எழுவார். முகம் தெரியாத அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

போன மழைக்காலத்தில் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல். தம்பி வந்தார். காரியம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று, உள்ளே மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, "போயிட்டு வரேண்ணே" என்றார்.

"சாவு வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுப்பா" என்று பெரியவர்கள் பதறினார்கள். அவர் காதில் விழவில்லை. கார் காத்திருந்தது. பதில் வராமல் நகர மாட்டேன் என்பதுபோல அங்கேயே நின்றார், அண்ணனைப் போலவே.

அண்ணன் சார்பில் நான்தான் சொன்னேன். "வாப்பா."