நூற்று நாற்பது மில்லிமீட்டர் சுதந்திரம்

இந்த வீட்டில் ஒரு முடிவாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவையும் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள். திரைச்சீலையின் நிறம் அவள் முடிவு. என் மூக்குக்கண்ணாடி அவள் முடிவு. எனக்குப் பதவி உயர்வு வந்தபோது ஏற்பதா வேண்டாமா என்று நான் மூன்று நாள் யோசித்தேன். அவள் இரண்டாம் நாளே என் மேலதிகாரியின் மனைவியைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எல்லாம் நல்ல முடிவுகள்தான், மறுக்கவில்லை. அதுதான் என் கஷ்டமே. ஒரே ஒரு தடவை தப்பாகப் போயிருந்தால் நான் தலையெடுத்திருப்பேன்.

ஆகவே மலைச் சைக்கிள் ஒன்றைக் கட்டத் தொடங்கினேன். கவனிக்கவும், வாங்கவில்லை. கட்டினேன். ஃபிரேம் ஓரிடம், சக்கரம் ஓரிடம் என்று சேர்த்து, என் கையாலேயே முடுக்கினேன். சகல வேலைக்கும் ஒரே சைக்கிள். காலையில் அலுவலகம், மாலையில் மண்பாதை, ஞாயிறன்று ஊருக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கக் குன்று. ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். அவளுக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் நான் சைக்கிளைப் பிடித்தேன்.

நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்து, பின்னறையில் கயிற்றில் தொங்கியது. முன்சக்கரம் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பிடிக்கும் ஃபோர்க் இன்னும் முடிவாகவில்லை. ஃபோர்க் என்பது முன்சக்கரத்துக்கு இருபக்கமும் இறங்கும் இரண்டு கால்கள். பள்ளம் வந்தால் அமுங்கும், பிறகு எழும். எவ்வளவு அமுங்கலாம் என்பதில்தான் உலகம் மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. நூற்றிருபது மில்லிமீட்டர் என்றால் ஏற எளிது, இறங்கும்போது பல் ஆடும். நூற்றறுபது என்றால் இறங்கச் சுகம், ஏறும்போது முன்சக்கரம் வானம் பார்க்கும். நடுவில் நூற்று நாற்பது. இது போதாதென்று உள்ளே இருப்பது இரும்புச் சுருளா, காற்றா என்று இன்னொரு சண்டை.

மூன்று வாரம் மதில்மேல் பூனையாக இருந்தேன். மனம் நூற்றறுபதின் பக்கமே சாய்ந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வைத்திருப்பது நூற்றறுபது. அதைக் கழுவுவதாக இருந்தாலும் மனிதர் நடுத்தெருவில் நிறுத்தித்தான் கழுவுவார்.

ஒரு மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் ஆராய்ச்சித் தாளைக் கட்டிலில் விரித்தேன்.

"என்னங்க இது?"

"ஃபோர்க்."

"இத்தன நாளா இதத்தான் படிச்சிட்டிருந்தீங்களா?"

"இது லேசுப்பட்ட விஷயம் இல்ல. குன்று ஏறணும், இறங்கணும், ஆபீசுக்கும் போகணும்."

"ஆபீஸ் போக எதுக்கு அமுங்கணும்? அங்க போய்த்தான் அமுங்கி உக்காரப் போறீங்களே."

இதற்கெல்லாம் பதில் சொன்னால் மரியாதை கெடும். தாளில் விரலை வைத்தேன்.

"நூத்தியிருபது, நூத்திநாப்பது, நூத்தியறுபது. மூணுல ஒண்ணு. சும்மா காட்டுறேன். உன் அபிப்பிராயம் கேக்கல."

அவள் தாளை எடுத்தாள். ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒரு தலையணை உறையை மடித்து முடித்தாள்.

"நூத்தியறுபதே வாங்குங்க."

"ஏன்?"

"பெருசா இருக்கு. பல் டாக்டரும் அதத்தான வச்சிருக்கார்."

"அவர் வச்சிருந்தா நானும் வச்சுக்கணுமா?"

"சரி, உங்க இஷ்டம். ஆனா சுருள் வச்சதா வாங்குங்க. காத்து வச்சது உங்களுக்குச் சரிப்படாது. ஆளோட எடைக்குத் தகுந்த மாதிரி பம்ப் அடிச்சு அடிச்சு மாத்தணும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க தாள்லயே கீழ எழுதியிருக்கே. அதுக்கெல்லாம் பொறுமை வேணுங்க."

"எனக்குப் பொறுமை இல்லையா? பத்தொன்பது வருஷமா..."

"என்ன பத்தொன்பது வருஷமா?"

"ஒண்ணுமில்ல."

அந்த நிமிடமே எனக்குத் தெளிவு பிறந்தது. அவள் நூற்றறுபது என்கிறாளா? நூற்று நாற்பது. அவள் சுருள் என்கிறாளா? காற்று. என் ஃபிரேமோடு வந்த காகிதத்தில் நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்ததை மறுநாள்தான் கவனித்தேன். பார்த்தீர்களா, என் உள்ளுணர்வு முதல்நாளே சொல்லிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று கடைக்கு ஓடினேன்.

கடைக்காரரை நாங்கள் 'கிராம்' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு திருகாணியைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அப்படிப்பட்டவர் ஃபோர்க்கை மாட்டி முடித்து, பம்பை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க எடை என்ன சார்?"

"எழுபத்திரண்டு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மெல்ல என் வயிற்றுக்கு இறங்கினார். மறுபடி முகத்துக்கு ஏறினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று நினைத்திருக்கலாம். எழுபத்திரண்டு பொய்யல்ல. அது என் எடைதான். திருமணத்தன்று.

காற்றடித்தார். ஃபோர்க்கின் ஒரு காலில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. கால் எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அது மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். பிறகு நாம்தான் கையால் கீழே இறக்கிவிட வேண்டும். சும்மா உட்கார்ந்தால் கால்வாசிதான் ஏற வேண்டும் என்றார். உட்கார்ந்தேன். பாதிக்கு ஏறியது.

"பையில ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?"

"சாவிக்கொத்து."

"பெரிய வீடு போல," என்றார். "கொஞ்சம் காத்து சேத்துடவா?"

"வேண்டாம். எழுபத்திரண்டுக்கு என்னவோ அதுவே இருக்கட்டும்."

ஒரு கொள்கை என்றால் கடைசிவரை நிற்க வேண்டும். அவர் அட்டையில் 72 என்று எழுதி ஃபோர்க்கில் கட்டி அனுப்பினார். பம்பையும் கொடுத்தார். வீட்டில் அவள் அந்த அட்டையைப் படித்தாள்.

"எழுபத்திரண்டா?"

"ஆமா."

"சரி," என்றாள்.

அவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே அவள் 'சரி' என்று சொன்னால் பெரிய டாக்டர்களே ஒருமுறை நின்று யோசிப்பார்களாம். நான் யோசிக்கவில்லை.

முதல் சவாரியில் தெருமுனையில் பிரேக் பிடித்தேன். முன்பக்கம் அப்படியே தரையை நோக்கிக் கும்பிடு போட்டது. நானும் கூடவே போட்டேன். மீசையில் மண் ஒட்டவில்லை. மீசை இல்லாததும் ஒரு காரணம். வீட்டில் மூச்சுவிடவில்லை.

ஆனால் மறுநாள் அதிசயம். அதே தெருமுனை, அதே பிரேக், சைக்கிள் அசையாமல் நின்றது. பள்ளத்தில் விட்டேன், பஞ்சாக வாங்கிக்கொண்டது. புது ஃபோர்க் ஓட்டுகிறவரின் உடம்புக்குப் பழகும் என்று எங்கோ படித்ததாக ஞாபகம். இல்லாவிட்டாலும் இனிமேல் யாராவது எழுதட்டும்.

அதன்பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் சாப்பாட்டு வேளைதோறும் நூற்று நாற்பதின் மகிமையைச் சொன்னேன். எதிரே உட்காரும் கணக்காளர் மூன்றாம் நாள் வேறு மேசைக்குப் போய்விட்டார். அறிவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிடிபடாது. நான் கவலைப்படவில்லை. தினமும் காலையில் என் சொந்த முடிவு என் கண்ணெதிரே பள்ளத்தில் அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

வியாழக்கிழமை மட்டும் பேருந்து. அன்று இயக்குநர் கூட்டம். "வேர்த்து விறுவிறுத்துப் போய் அவர் முன்னாடி நிக்காதீங்க," என்று அவள் சொல்லியிருந்தாள். சின்ன விஷயம், விட்டுக்கொடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் சீட் ஒரு விரற்கடை இறங்கியிருப்பதுபோல் சிலசமயம் தோன்றும். டயரில் செம்மண் காய்ந்திருக்கும். ஊரெங்கும் சாலை வேலை நடக்கிறது, எங்காவது மிதித்திருப்பேன் என்று துடைத்துவிடுவேன்.

குன்றில் ஓரிடம் உண்டு. படிப்பாறை என்பார்கள். ஏழெட்டுப் படிகளாகப் பாறை செங்குத்தாக இறங்கும். அங்கே மட்டும் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். பயமில்லை. இயற்கையை ரசிக்க வசதியான இடம் அது.

சென்ற வெள்ளிக்கிழமை காலை துடைக்கும்போது பார்த்தேன். ரப்பர் வளையம் காலின் உச்சியில் நின்றது. நூற்று நாற்பதும் முழுசாக அமுங்கியிருக்கிறது. அந்த அளவுக்கு அமுங்க வேண்டுமென்றால் அசாத்தியத் துணிச்சல் வேண்டும் என்று கிராமே சொல்லியிருக்கிறார். என்னையும் அறியாமல் எங்கோ வீரம் காட்டியிருக்கிறேன். அலுவலக வாசல் வேகத்தடையாக இருக்கலாம். உடனே சைக்கிளை எதிர்வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன்.

"டாக்டர், இந்த வளையத்தப் பாருங்க."

அவர் குனிந்தார். "முழுசும் போயிருக்கே. எங்க சார் இறங்கினீங்க?"

"குன்றுலதான்."

"படிப்பாறையிலயா?"

"ஆமா," என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நேத்து மத்தியானம் நீங்கதானா அது? நான் ஓரமா என் சைக்கிளத் தள்ளிக்கிட்டு நின்னேன் சார். மேலேயிருந்து சத்தமே இல்லாம வந்து, ஒவ்வொரு படியா இறங்கி, திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டீங்க. அவ்வளவு அழகு."

"பழக்கம்தான்."

"ஒண்ணு மட்டும்தான் புரியல."

"கேளுங்க."

"ஹெல்மெட்டுக்குக் கீழ நீளமா ஒரு பின்னல் தொங்குச்சே."

என் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. பத்து வருடமாக அங்கே ஒன்றும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். கேட்டே விடுவது என்று பின்னறைக்குப் போய், சாட்சிக்காக ஆணியில் தொங்கிய பம்பை எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. மருந்து பாட்டிலில் எழுதும் அதே பொடி எழுத்து. 'நான், 58 கிலோ.' அதன் கீழே 'அவர், 87 கிலோ.' இரண்டுக்கும் பக்கத்தில் காற்றின் அளவு. அவள் வேலைக்குக் கிளம்பி, கண்ணாடி முன் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"டோஸ்."

"எண்பத்தேழுன்னு யார் சொன்னா?"

"என் கண்ணு சொல்லுச்சு. மயக்க மருந்து குடுக்கிற இடத்துல இருக்கேங்க. மேசையில படுக்கிற எல்லாரும் எடையக் குறைச்சுத்தான் சொல்வாங்க. அத நம்பி ஊசி போட்டா பாதியில எழுந்து உக்காந்துடுவாங்க. நீங்க எழுபத்திரண்டுன்னு எழுதிக்கிட்டு வந்தீங்க. அந்தக் காத்துல குன்றுல இறங்கினா உங்க மூஞ்சிதான் முதல்ல இறங்கும். முதல் நாள் ராத்திரியே காத்த ஏத்தி வச்சுட்டேன்."

"அப்ப ஃபோர்க் பழகல?"

"இரும்பு எங்கயாவது பழகுமா?"

உட்கார்ந்தேன். கட்டிலும் என்னோடு கால்வாசி அமுங்கியது.

"வியாழக்கிழமை எனக்கு லீவு," என்றாள். "காத்த இறக்கி, சீட்ட இறக்கி, ஒரு சுத்து போயிட்டு வருவேன். நீங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் உங்க அளவுக்கு மாத்தி, வளையத்தக் கீழ தள்ளி வச்சுடுவேன். நேத்து வளையம் மறந்து போச்சு."

"உனக்குச் சைக்கிள் எங்க தெரியும்?"

"ஸ்கூலுக்கு மேட்டுலயும் பள்ளத்துலயும் எட்டு வருஷம் சைக்கிள்லதான் போனேன். நீங்க கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். கடைசியாக ஒரு பிடி இருந்தது எனக்கு. எழுந்து நின்று கேட்டேன்.

"நூத்தியறுபது வாங்குங்க, சுருள் வாங்குங்கன்னு நீதான சொன்னே? சுருள்னா ரெண்டு பேர் எடைக்கும் இப்படி மாத்தவே முடியாதே."

"முடியாதுதான்."

"அப்புறம் ஏன் சொன்னே?"

"நூத்திநாப்பது, காத்துன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

கொண்டையில் கடைசி ஊசியைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நான் வாசல்வரை போனேன்.

"படிப்பாறையில எப்படி இறங்கினே?"

"இடுப்பப் பின்னாடி தள்ளிக்கணும். முன்பிரேக்கத் தொடவே கூடாது. ஞாயித்துக்கிழம வாங்க, சொல்லித் தரேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். "டாக்டர், அது என் மனைவி," என்றேன். நூற்றறுபதை வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு நின்ற மனிதர் குனிந்து தன் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த ஃபோர்க் வந்த நாளிலிருந்து, பொய் கலக்காமல் நான் பெருமைப்பட்டது அன்றுதான்.

இந்த வாரம் பின்பிரேக் மாற்ற வேண்டும். கம்பி இழுப்பது ஒன்று, எண்ணெய் தள்ளுவது ஒன்று. "கம்பியே போதும், நீங்களே பாத்து வாங்குங்க," என்றாள். கம்பி என்றால் அவள் மனதில் எண்ணெய். ஆனால் எனக்கு அந்த வித்தை தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும், ஆகவே கம்பிதான். அதையும் நான் யோசிப்பேன் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு யாரையும் கேட்காமல், கதவைத் தாழிடாமல், நானே சொந்தமாக ஒரு முடிவெடுத்தேன்.

கடைக்கு அவளையே அனுப்பிவிட்டேன்.