நான் வாசித்தேன், மாப்பிள்ளை வீடு எழுந்து ஓடியது

என் அக்காவின் நிச்சயதார்த்தம் மண்டபத்தில் தொடங்கி பஸ் ஸ்டாண்டில் முடிந்தது. காரணம் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் சின்னமனூரில் சொல்வதற்கு ஆள் இருக்கிறது. ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், ஒவ்வொரு தடவையும் ஓடியவர்களின் எண்ணிக்கை கூடும். (உண்மையில் ஓடியது நாற்பது பேர்தான்.)

அப்போது நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டது போக மிச்ச நேரத்தில் எதையாவது கற்றுக்கொண்டே இருப்பது என் வியாதி. ஜப்பானிய மொழி பதினோரு நாள், கேக் அலங்காரம் மூன்று வாரம், அதன் பிறகு கீபோர்டு. சிநேகிதி ஒருத்தி கல்யாணமாகிப் போகும்போது தன் பழைய கீபோர்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அதில் ஒரு கட்டை, அமுங்கினால் எழாது. பரவாயில்லை, காலையில் நானும் அப்படித்தான்.

"கிளாஸுக்குப் போய் முறையா கத்துக்கயேன்" என்றாள் மீனா அக்கா. எனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. நோட்டு பார்த்து வாசிப்பவர்களைப் பற்றி, சமையல் குறிப்பைப் பார்த்து ரசம் வைப்பவர்களைப் பற்றிய அபிப்பிராயம்தான் அன்று எனக்கு. நான் காதால் கேட்டே வாசிக்கப் போகிறவள். செய்முறை சுலபம்: பாட்டில் ஒரு வரியைக் கேட்க வேண்டியது, நிறுத்த வேண்டியது, முணுமுணுக்க வேண்டியது, பிறகு ஒற்றை விரலால் கட்டை கட்டையாகத் தேட வேண்டியது. கரண்டு போன வீட்டில் தீப்பெட்டியைத் தேடுகிற மாதிரி. கிடைக்கும், ஆனால் அதற்குள் நாலு பாத்திரம் உருண்டுவிடும்.

ஒரு மாதத்தில் எங்கள் மிக்சியின் மூன்றாவது ஸ்பீடு எந்தக் கட்டை, குக்கர் விசில் எந்தக் கட்டை, பால்காரர் வண்டி ஹாரன் எந்தக் கட்டை என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டேன். பாட்டு ஒன்றுதான் பாக்கி. வீட்டில் இருப்பவர்களைப் பிடித்து உட்காரவைத்து, "இது என்ன பாட்டு, சொல்லுங்க பாப்போம்" என்று வாசித்துக் காட்டுவேன்.

அப்பா கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தார். "நம்ம மோட்டார் ரூம்ல பெல்ட்டு லூசானா இப்படித்தான் கேக்கும்" என்றார்.

அக்கா இன்னும் அன்பானவள். "நல்லா இருக்குடி. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு ஆசைதான். நான் வாசித்ததைக் கேட்ட மாத்திரத்தில் யாராவது ஒருத்தர், 'ஏ, இது அதுல்ல' என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். (கவனமாக ஆசைப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.)

பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தது. அவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போன அன்றே அம்மா ஒரு ஹெட்போனை என் காதில் மாட்டினாள். அதற்குப் பிறகு நான் வாசிப்பது என்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் கேட்காது. இந்தச் சமயத்தில்தான் எனக்குச் சொந்தமாக ஒரு மெட்டு பிறந்தது.

எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில். சாயங்காலம் மொட்டை மாடியில் கீபோர்டோடு உட்கார்ந்தால் எதிரே மலை. ஐந்து மணிக்கு டீ குடிக்க ஹெட்போனைக் கழற்றுவேன். டீ குடித்து முடித்து மறுபடியும் மாட்டினால், விரல் தானாக ஒரு மெட்டைத் தேடிப் போகும். நாலே துண்டு. ஏறி, இறங்கி, ஒரு இடத்தில் லேசாக இழுத்து, மறுபடி ஏறும். தினமும் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வரும். மலையைப் பார்த்ததும் எனக்குள் சங்கீதம் ஊறுகிறது என்று நம்பினேன். வயலின் சத்தத்தை வைத்து மெதுவாக வாசித்துப் பார்க்கும்போது எனக்கே கண் கலங்கியது. 'மலைச்சாரல்' என்று பெயரும் வைத்தேன்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு மலையிலிருந்தே மாப்பிள்ளை அமைந்தது. மேகமலையில் ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை, பெயர் பிரபு. அக்காவுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. அதற்கு முன்னால் இரண்டு இடம் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்ததால், இந்தத் தடவை வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சிக்கல் மாப்பிள்ளையின் பெரியப்பா, தங்கவேல் மாமா. அந்த வீட்டில் அவர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். பெண் பார்க்க வந்த அன்றே கேட்டுவிட்டார்:

"கீழ இருக்குற புள்ள மேல வந்து கெடந்துக்கிருமா? ஒரு மழைக்கே பொட்டியக் கட்டிட்டு எறங்கிருச்சுன்னா எங்களுக்குத்தான கேவலம். தட்டு மாத்துற நிமிசம் வரைக்கும் யோசிக்கலாம், தப்பில்ல."

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். மலைக்குப் போகிற கடைசி மினி பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டால் மறுநாள் காலைதான். அப்பா வேன் பேசுகிறேன் என்று சொன்னதற்கு மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "வேன்காரனுக்கு எங்க வளைவு தெரியாதுங்க. எங்க வண்டியிலயே வந்து எங்க வண்டியிலயே போயிக்கிறோம்." அன்று காலை அப்பா எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "நாலரை வரைக்கும் அவுக மனசு கோணக்கூடாது. அவ்வளவுதான்."

நான் கீபோர்டை மண்டபத்துக்கு எடுத்துக்கொண்டு போனது, மனசு கோணாமல் பார்த்துக்கொள்ளத்தான். மலைக்காரர்களுக்கு முன்னால் மலையைப் பற்றிய ஒரு மெட்டு. இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்? மைக் செட்டுக்காரரிடம் சொல்லி வயரைச் சொருகிக்கொண்டேன். அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள் மண்டப வாசலில், தெருவைப் பார்த்து நின்றன. (இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை.)

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சாப்பாடு ஆனது. பத்திரிகை எழுதி வாசித்தார்கள். நாலு மணிக்கு அப்பா எங்கள் தட்டைத் தூக்கினார், மாமா நிச்சயப் புடவை வைத்த அவர்கள் தட்டைத் தூக்கினார். எதிரெதிரே நின்றார்கள். ஊர்ப் பெரியவர் கையை உயர்த்தி, "மேளம்" என்றார்.

மேளம் வரவில்லை.

"எங்கப்பா மேளக்காரக?"

"டீ குடிக்கப் போனாக, இன்னும் வரல."

தட்டு இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன. மாமாவின் நெற்றியில் ஒரு கோடு விழுவதைப் பார்த்தேன். வரலாறு சிலரைத்தான் கூப்பிடும், அன்று என்னைக் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். வயலின் சத்தம் இந்தக் கூட்டத்தில் எடுபடாதே என்று ட்ரம்பெட் சத்தத்துக்கு மாற்றினேன். மங்கல காரியத்துக்கு மெதுவாக வாசித்தால் இழவு மாதிரி இருக்கும் என்று வேகத்தைக் கூட்டினேன். வால்யூமை முழுசாகத் திருகிவிட்டு, கண்ணை மூடி, மலைச்சாரலை வாசித்தேன்.

நாலு துண்டையும் வாசித்து முடிக்கும்போது கூட்டம் மொத்தமாக எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. நாற்பது நாற்காலியும் ஒன்றாகப் பின்னால் நகர்கிற சத்தம். எழுந்து நின்று பாராட்டுகிறார்கள். நன்றி சொல்கிற விதமாக இன்னொரு தடவை, இன்னும் வேகமாக வாசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்.

"வண்டிய எடுத்துட்டான்டா!" என்று யாரோ கத்தினார்கள். "கூட்டம் சேந்துருச்சுன்னா முன்னாடியே எடுத்துருவான், செருப்பப் பெறகு பாத்துக்கலாம், ஓடு." கிழவிகள் சேலையைச் சொருகிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெண் பாதி சாப்பிட்ட வாழைப்பழத்தோடு ஓடினாள். தங்கவேல் மாமா நிச்சயப் புடவைத் தட்டோடு ஓடினார். மாப்பிள்ளையும் ஓடினார். வாசல் வரைக்கும் போய், அங்கே நின்று, திரும்பி அக்காவைப் பார்த்தார். ("காலுதான் ஓடுச்சு, நான் ஓடல" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா நம்பவில்லை.)

அப்பா தட்டை ஏந்தியபடி தனியாக நின்றார். "எங்கிட்டுப் போறாக?" என்று என்னிடம் கேட்டார்.

"பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீகளே, பின்னாடியே போங்க" என்று அம்மா விரட்டியதும்தான் நாங்களும் ஓடினோம். மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் ஐந்து நிமிடம். அன்று அப்பா இரண்டு நிமிடத்தில் போனார், தேங்காய் விழாமல்.

பஸ் ஸ்டாண்டில் மினி பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே மாப்பிள்ளை வீட்டார் முண்டியடித்து ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சட்டையெல்லாம் டீ கொட்டிய டிரைவரும், மூச்சு வாங்கிக்கொண்டு மாமாவும்.

"என்னப்பா, ஹாரன் அடிச்சுட்டு இங்கன நிக்கிற?"

"நான் எங்கய்யா அடிச்சேன்? டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். எவனோ என் வண்டியக் கெளப்பிட்டான்னு நெனச்சு நானே கெளாசப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

டிரைவர் சந்தேகத்தோடு ஏறிப்போய் ஹாரனைத் தட்டினார். ஏறி, இறங்கி, ஒரு இடத்தில் லேசாக இழுத்து, மறுபடி ஏறியது. மலைச்சாரல். என் சொந்தப் படைப்பு. கட்டைக்குக் கட்டை, பிசகாமல்.

தினமும் ஐந்து மணிக்கு எனக்குள் ஊறிய சங்கீதம் எங்கிருந்து ஊறியது என்று அப்போதுதான் விளங்கியது. என் குடும்பத்தில் ஒருவரும் மலை பஸ்ஸில் ஏறியதில்லை. அதனால் அந்தச் சத்தம் எங்களுக்குப் பத்தோடு பதினொன்று. என் காதுக்குள் எப்போது ஏறி உட்கார்ந்தது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

"மாமா, அது நான்தான்" என்றேன். "கீபோர்டுல."

அக்கா பின்னாலேயே பட்டுச்சேலையோடு வந்து சேர்ந்திருந்தாள், மாப்பிள்ளையும் கூடவே. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. மணி நாலு இருபது. அப்பா கும்பிடுகிற குரலில், "சம்பந்தி, மண்டபத்துக்குப் போயிருவோம், நேரமிருக்கு" என்றார்.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவி தலையை நீட்டினாள். "அதெல்லாம் எறங்க முடியாது. சன்னலோரம் கெடச்சுருக்கு. எறங்குனா போயிரும்." அவளுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் அதே முடிவில் இருந்தார்கள். ஏறாமல் இருந்தவர்களுக்காக ஜன்னல் வழியாகத் துண்டு வேறு போட்டாயிற்று.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏத்தா, இங்க வா. இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல மாமா. காதால கேட்டதுதான்."

"ஹாரன் அடிக்கையில மூணாவது எடத்துல கொஞ்சம் இழுப்பான். அதையுமா இழுத்து வாசிச்ச?"

"ஆமா மாமா."

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தலையாட்டினார். மாமா தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மேல நாங்க எவனும் பஸ்ஸக் கண்ணால பாத்து ஏறுறது இல்ல. மூடுபனியில எங்கிட்டுத் தெரியும்? மூணாவது வளைவுல ஹாரன் சத்தம் கேட்டா வீட்ட விட்டு ரோட்டுக்கு எறங்குவோம். கட்டிக்கிட்டு வர்ற புள்ளைகளுக்கு இந்தச் சத்தம் காதுல ஏறவே ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் வண்டிய விட்டுட்டு அழுதுக்கிட்டு நிக்கும்." அப்பா பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுக்குள்ள ஏற்கெனவே ஏறிக் கெடக்கு. தங்கச்சிக்கு ஏறுனது அக்காளுக்கு ஏறாமயா இருக்கும்? அது கெடந்துக்கிரும். தட்டக் குடுங்க, ராகு காலம் வரப்போகுது."

மேளக்காரர்களை எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில்தான் இருந்தார்கள், இவ்வளவையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு. நாலு இருபத்தேழுக்கு, மலை பஸ்ஸின் படிக்கட்டுக்கு முன்னால் தட்டு மாறியது. போட்டோவில் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில், போடிக்குப் போக நின்ற ஒருவர் முறுக்கு தின்றுகொண்டிருக்கிறார். எத்தனையோ சொல்லியும் அவரை வெட்டி எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. அவர் மட்டும்தான் அன்று ஓடாமல் நின்ற ஆண்பிள்ளையாம்.

மூன்று மாதத்தில் கல்யாணம். பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டார் தேனியில் அடித்தார்கள். வந்ததும் நான்தான் முதலில் பிரித்தேன். பெயர், முகூர்த்தம், 'தங்கள் நல்வரவை விரும்பும்' எல்லாம் சரியாக இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் மாமா ஒரு வரி சேர்த்திருந்தார்: 'குறிப்பு: பெண்ணின் தங்கை வாசிக்க மாட்டார்.'

அச்சகத்தின் கம்ப்யூட்டரில் அந்த வரி அப்படியே மாதிரிப் பத்திரிகைக்குள் தங்கிவிட்டது. மாமா வீட்டு விசேஷம் எதுவானாலும் வந்துவிடும். புதுமனை புகுவிழா, பெயர் சூட்டு விழா, எல்லாவற்றிலும். இப்போது நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன், பாதிக்கு மேல் போகவும் முடிவதில்லை. போன மாதம் அக்கா ஒரு காதுகுத்துப் பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மலையில் யாரோ ஒருவர் வீடு, அதே அச்சகம். அவர்களை நான் பார்த்ததே இல்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை.

கடைசி வரியில் நான் இருந்தேன்.