தேவதாஸுக்கு மார்க்கெட் தெரியும்

நம்மிடையே 'மார்க்கெட் தெரிந்தவர்' என்றோர் இனம் உண்டு. எந்தப் புதுச் சரக்கைக் காட்டினாலும், நுரைத்த தே தாரேக் தேநீரை ஒரு மடக்கு குடித்து, கூரையைப் பார்த்து, "இது ஓடாது" என்று தீர்ப்புச் சொல்பவர்கள். ஆராய்ச்சியா? அதெல்லாம் நமக்குத்தான்.

காஜா பெராங் வட்டாரத்தில் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்ற தேவதாஸ் இவ்வினத்தின் சிங்கம். ஆண்டு 1999. தொலைபேசிக் கம்பிவழி வந்த இணையத்தில் ஒரு நடிகையின் படம் நெற்றியில் தொடங்கிக் கழுத்துவரை இறங்குவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

அவரிடம் நிரல் எழுதிய கோகிலா இதற்கொரு வழி கண்டுபிடித்தாள். ஒருவர் திறந்த பக்கத்தின் நகலை அங்கேயே ஒரு கணினி வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் அமெரிக்காவரை போகாமல் பக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கும்.

"யாரும்மா வாங்குவா? அடுத்த வருஷம் லைனே ஸ்பீடாயிடும் லா."

"அப்ப எல்லாரும் இன்னும் பெரிய படமா பார்ப்பாங்க, பாஸ்."

"உனக்கு மார்க்கெட் தெரியல."

கோகிலாவின் ஆறு மாத உழைப்பை, கணக்கு மென்பொருள் வாங்கிய தம்பிராஜாவின் சைபர் கஃபேக்கு இனாமாகத் தள்ளிவிட்டார். சில நாளில் அங்கே உட்கார இடமில்லை. தம் அலுவலக இணையம் நகராமல் எரிச்சலுற்ற தேவதாஸும் அங்கேதான் போய் உட்கார்ந்தார்!

"பிரமாதம் தம்பிராஜா! எந்த லைன் இது?"

"உங்க ஆபீசுல இருக்கற அதே லைன்தாங்க. நீங்க சும்மா கொடுத்த சாமான் செய்ற வேலை."

வேறொருவராயிருந்தால் ஓடிப்போய்க் கோகிலாவின் கையைப் பிடித்திருப்பார். நம்மவர், "ஸ்கூல் லீவு, அதான் கூட்டம்" என்றார். அதைக் கேள்விப்பட்ட கோகிலா அன்றே வேலையை விட்டாள். "அந்த சாமான என் பேருக்கே எழுதிக் கொடுத்துடுங்க பாஸ்" என்று கேட்டாள். அவரோ சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

ஆயர் குரோ வட்டாரத்தில் அவள் திறந்த சின்ன அலுவலகத்துக்குக் கல்லூரிகள் வந்தன, ஹோட்டல்கள் வந்தன, தொழிற்சாலைகள் வந்தன. கடைசியில் தேவதாஸும் வந்தார்.

"எங்க ஆபீசுக்கும் ஒண்ணு போட்டுக் கொடும்மா."

"தாராளமா, பாஸ். ஆனா இந்தத் தடவ இனாம் கிடையாது."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது யாரைக் கண்டாலும், "கோகிலாவா? நான் வளர்த்துவிட்ட பொண்ணு" என்கிறார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சரி, நேற்றுச் சாப்பிடும்போது உங்கள் மகள் ஏதோ புது யோசனை சொல்ல ஆரம்பித்தாளே, பாதியிலேயே ரசம் கேட்டது யார்?