வெயிலில் குளிர் காய்ந்தவர்

மனிதர்களில் 'கொடுத்த காசைக் கறப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் காசை வெளியே எடுக்கவே மாட்டான். அவனால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. இவர் தாராளமாக எடுத்துக் கொடுப்பார். கொடுத்த பிறகுதான் ஆரம்பம். ஏசி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று மார்கழிக் குளிரிலும் குளிர்காற்றைத் தன் நெற்றிக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு வழிநெடுகத் தும்முபவர், விருந்துக்குப் பணம் கட்டியாயிற்று என்று மூன்றாவது கிண்ணம் பாயசத்தைக் கண்ணீர் மல்கக் குடிப்பவர், காய்ச்சல் விட்டுப்போன பிறகும் வாங்கிய மாத்திரை மிச்சமிருக்கிறதே என்று விழுங்கி வைப்பவர், எல்லாம் இவரே. பார்த்திருப்பீர்களே?

காஞ்சிபுரத்தில் இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஃபக்ருதீன் பாய். ஊரில் பாதிப் பேரை மெத்தையில் தூங்க வைத்த அந்த மனிதர், போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நாலாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்துத் தரையில் படுக்கப் போனார்.

யோசனை அவருடையதல்ல. மகள் ஃபரா ஏனாத்தூர் கல்லூரியில் படித்து முடித்துப் புனேயில் ஒரு வேலையும் வாங்கிவிட்டாள். வருகிறேன், வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அத்தாவிடம் பேச வேண்டிய பொறுப்பு அம்மா பல்கீஸ் தலையில். மூன்று வாரமாகப் பல்கீஸ் வாயைத் திறக்கும்போதெல்லாம் கடையிலிருந்து போன் வந்தது, பஞ்சு லாரி வந்தது, இரண்டும் வராத நாளில் பாய் வாசலில் நின்று அவை ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடை இல்லாத எடத்துக்குக் கூட்டிக்கினு போம்மா. அப்பதான் அத்தா காது குடுப்பாரு" என்றாள் ஃபரா. தாமல் ஏரிக்கரையில், தன் வேர்க்கடலை நிலத்தில் வேல்முருகன் என்பவர் ஆறு கூடாரம் போட்டு நடத்தும் முகாமில் அவர்கள் இருவருக்கு மட்டும் அவளே இடமும் பிடித்துக் கொடுத்தாள். பகல் இரண்டு மணியிலிருந்து மறுநாள் பதினோரு மணி வரை. பன்னிரண்டு வசதிகள். பாய் அந்தப் பட்டியலைப் பார்த்தார். பணத்தைக் கட்டினார். பிறகு வகுத்தார்.

இருபத்தொரு மணி நேரம். மணிக்கு இருநூறு ரூபாய்.

அந்த வகுத்தலோடு போயிற்று பல்கீஸின் நிம்மதி.

"இன்னாபா தம்பி, ரெண்டு மணிக்கு உள்ள வுடணும். இப்ப ரெண்டு ஏழு. இருபத்துமூணு ரூபா போச்சு" என்றபடிதான் பாய் முகாமுக்குள் கால் வைத்தார். வேல்முருகன் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம்.

புளியமரத்தடியில் ஏரியைப் பார்த்து இரண்டு நாற்காலிகள் கிடந்தன. பல்கீஸ் ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றைத் தட்டிக் காட்டினாள். "உக்காருங்களேன். ஒரு விஷயம் சொல்லணும்."

"உக்கார்றதுக்கா மணிக்கு இருநூறு? வூட்ல நாற்காலி இல்லியா?"

"அப்ப உள்ள போயி கொஞ்சம் படுங்க. காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கீங்க."

"தூக்கமா?" பாய் மனைவியை இரக்கத்தோடு பார்த்தார். "தூக்கம் நம்ம கடைச் சரக்கு பல்கீஸ். அதைப் போயி வெளியில காசு குடுத்து வாங்குவாங்களா?"

நியாயம்தானே? தங்கும் இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு, அங்கே தூங்கினால் நஷ்டம் என்று கண்டுபிடித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் கயிற்று ஊஞ்சல். இருபது நிமிடத்துக்குப் போனில் அலாரம் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்தார். அடுத்தது பரிசல். பாதி வழியில் பரிசல் நகராமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. சுற்றிய நேரத்தைச் சவாரியில் சேர்க்கக் கூடாது என்று நடு ஏரியிலிருந்தே கரைக்குக் குரல் கொடுத்தார். பிறகு பறவை பார்த்தல். இருபது வகை என்று பட்டியலில் போட்டிருந்தது. பாய் பதினாலு வகை எண்ணினார். மீதி ஆறு எங்கே?

"பறந்து போயிருக்கும் பாய். காத்தால வரும்."

"அதெல்லாம் தெரியாது. காக்காவை வேற கணக்குல சேத்துக்கினு இருக்கிறே. எங்க வூட்டு மாடியில இல்லாத காக்காவா?"

வில் அம்பு விட்டதில் மூன்றாவது கூடாரத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அதைப் பற்றிப் பாய் பெரிதாகப் பேசவில்லை.

ஆனால் நான்கு மணிக்கு அவர் செய்ததுதான் இன்றைக்கும் தாமலில் பேச்சு. இரவு எட்டு மணிக்கு மூட்டுகிற குளிர்காயும் நெருப்பும், சுட்ட கோழியும் ஒரே நேரத்தில் வருவதைப் பட்டியலில் பார்த்துவிட்டார். கோழியைத் தின்றுகொண்டே குளிர் காய்ந்தால் ஒன்றில் ஒன்று கரைந்து, ஒரு வசதி வீணாகிவிடாதா? ஆகவே நெருப்பை இப்போதே மூட்டச் சொன்னார். வேல்முருகன் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். பாயின் முகத்தைப் பார்த்தார். மூட்டினார். மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஆளுயரத்துக்கு எரியும் நெருப்பின் முன்னால், நெருப்போடு சேர்த்துக் கொடுத்த கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு, ஃபக்ருதீன் பாய் முக்கால் மணி நேரம் குளிர் காய்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை ஆறாக ஓடியது. மற்றக் கூடாரத்துக்காரர்கள் இது ஏதோ வைத்தியம் என்று நினைத்து மரியாதையோடு விலகி நடந்தார்கள்.

"எழுந்து வாங்க, மயக்கம் வரப் போவுது" என்றாள் பல்கீஸ்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்குது."

பல்கீஸ் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக் காலைக்குள் இன்னும் ஏழு வசதிகள். திங்கட்கிழமை வந்துவிடும். அவள் சமையல் கொட்டகைக்கு நடந்தாள். வேல்முருகன் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். கைப்பையின் உள்ளறையில் இருந்த தன் பணத்தை எண்ணி அவர் முன்னால் வைத்தாள்.

"தம்பி, நாலாயிரத்து இருநூறு இருக்குது. இதை நீ குடுக்கிற மாதிரி அவர்கிட்ட திருப்பிக் குடுத்துடு."

வேல்முருகன் கையைத் துடைத்தார். "எதுக்குன்னு கேட்டா இன்னாக்கா சொல்றது?"

"எதையாவது சொல்லு. ஏரியில மொதலை வந்துடுச்சுன்னு சொல்லேன்."

"அய்யோ, வேணாங்க்கா. அதையும் காட்டச் சொல்லுவாரு."

இருவரும் சற்று யோசித்தார்கள். பிறகு வேல்முருகன் பணத்தை எடுத்துக்கொண்டு நெருப்பை நோக்கிப் போனார்.

"பாய், சொல்ல மறந்துட்டேன். மாசத்துல ஒரு குடும்பத்துக்குச் சும்மா வுடறோம். இந்த மாசம் நீங்கதான்."

பாய் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். "சரியா இருக்குது. அப்ப மிச்ச ஏழு வசதி?"

"அதுவும் இருக்குது பாய். வேணும்னா பாருங்க, வேணாம்னா வுடுங்க."

வேணாம்னா விடலாமா? ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் இப்படி ஒரு சலுகையை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. பணத்தைச் சட்டைப்பையில் வைத்தார். நின்றார். யாரிடமும் வசூலிக்க எதுவும் இல்லை. அந்தக் கணத்தில்தான் முழங்கால் வலிப்பது தெரிந்தது, தாகம் தெரிந்தது, வெயிலில் கம்பளி போர்த்தியிருப்பதும் தெரிந்தது. அதை எறிந்துவிட்டு நேராக வந்து புளியமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எவ்ளோ பெரிய ஏரி!" என்றார், அப்போதுதான் வந்தவர் போல.

பல்கீஸ் சொன்னாள். புனே, சம்பளம், பெண்கள் விடுதி, திங்கட்கிழமை, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. நீர்க்காகம் ஒன்று தண்ணீருக்குள் போய் வெகுதூரம் தள்ளி எழுந்தது. அவர் அதை எண்ணவில்லை.

"ஏன் எங்கிட்ட அவளே சொல்லல?"

"நீங்க எங்க நின்னீங்க, சொல்றதுக்கு?"

பாய் தலை குனிந்தார். "விடுதியில கட்டில்ல இன்னா போடுவாங்க?" என்று கேட்டார்.

"தெரியாதே."

"அட்டை மாதிரி ஒண்ணு போடுவாங்க. முதுகு போயிடும்." கையை விரித்து நீளம் அளந்து காட்டினார். "போறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு தச்சு அனுப்பறேன். நல்ல இலவம்பஞ்சுல. போவட்டும்."

அன்று அவர் எட்டு மணிக்கெல்லாம் தரையில் படுத்துத் தூங்கினார். சுட்ட கோழியைக்கூடத் தவறவிட்டார்; பல்கீஸும் வேல்முருகனும் சாப்பிட்டார்கள். மறுநாள் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஒரு ரூபா செலவில்ல. எவ்ளோ நல்லா இருந்துச்சு பாத்தியா?"

"ஆமாங்க" என்றாள் பல்கீஸ். கணவனின் காதை ஒரு சாயங்காலம் வாடகைக்கு எடுத்ததில் நாலாயிரத்து இருநூறு அதிகமில்லை என்பது அவளுடைய முடிவு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பாதியில் எங்கேயோ உங்களுக்கு ஒரு கொட்டாவி வந்ததே, அப்போதே மூடி வைத்திருக்கலாமே? 'இவ்வளவு தூரம் படித்தாகிவிட்டது, முடித்துவிடுவோம்' என்றுதானே இந்த வரி வரை வந்தீர்கள்? வாங்க பாய், உட்காருங்கள்.